நான்கு மணிக்குள் என் பிளாக்கை அழித்துவிடு

சேலையூர், கிழக்குத் தாம்பரம்.
சனிக்கிழமை, பகல் மணி 1.25.

கர்த்தருக்குள் பிரியமான மைத்துனர் எபிக்கு, அத்தான் தனசிங் ஸ்தோத்திரம் சொல்லி எழுதிக்கொள்வது.

தேவனுடைய கிருபையால் இங்கே நாங்கள் எல்லோரும் சுகம், கடல் மேல் இருக்கிற உன் சுகத்துக்காகவும் தினமும் ஜெபிக்கிறோம் என்று எழுதுவதுதான் முறை. ஜெபிக்கிறோம், அதில் குறையில்லை. ஆனால் சுகம் என்று எழுதினால் பொய் சொன்ன பாவம் வந்து சேரும். இந்த வீட்டில் மூன்று நாளாக ஒருவருக்கும் சோறு இறங்கவில்லை. அதற்குக் காரணம் நான், எனக்குக் காரணம் நீ. ஆகையால் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். இணையத்தில் எனக்கு நீ தொடங்கிக் கொடுத்தாயே ஒரு பிளாக், அதை இன்று மாலை நான்கு மணிக்குள் அடியோடு அழித்துவிடு. உன் கப்பல் இன்று கொழும்பில் நிற்கும், இரண்டு மணிக்கு மேல் சிக்னல் கிடைக்கும் என்று உன் அக்காவிடம் சொன்னாயாம். நான்கு மணிக்கு நம் ஜெரூஷாவுக்கு மாமியாராகப் போகிற சம்பந்தியம்மா வருகிறார்கள். அவர்கள் எங்கள் வாசலில் செருப்பைக் கழற்றும்போது அந்த பிளாக் உலகத்தில் இருக்கக்கூடாது. ஏன் என்று கேட்காமல் செய். கேட்காமல் செய்கிற ஆள் நீ இல்லை என்று தெரியும் என்பதால் விவரமும் எழுதுகிறேன்.

போன கிறிஸ்துமஸுக்கு நீ லீவில் வந்தபோது நான் ஓய்வு பெற்று எட்டு மாதம். முப்பத்து நான்கு வருஷம் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவனை வீட்டில் சும்மா உட்கார வைத்தால் என்ன ஆகும்? மொட்டை மாடியில் நின்றுகொண்டு, தூரத்தில் கேட்கிற சத்தத்தை வைத்தே எந்த வண்டி எத்தனை நிமிடம் தாமதம் என்று குறித்துக்கொண்டிருந்தேன். பால் போடுகிறவரிடம் நான்கு நாளாக அவர் தாமதமாக வருவதை நேரத்தோடு எடுத்துச் சொன்னேன், அவர் ஐந்தாம் நாளிலிருந்து எங்கள் தெருவுக்கே வருவதை விட்டுவிட்டார். உன் அக்கா உன்னிடம் போய் என்ன சொல்லி அழுதாளோ, நீ லேப்டாப்பும் கையுமாக வந்து உட்கார்ந்தாய். "அத்தான், இதையெல்லாம் வாயால சொல்லாதீங்க, எழுதுங்க. பிளாக்னு ஒண்ணு இருக்கு. யாராச்சும் படிப்பாங்க" என்றாய். தாம்பரம் தினக்குறிப்பு என்று பெயரையும் நீயே வைத்தாய். புதிதாக எதைப் போட்டாலும் விருப்பப்பட்டவர்களுக்கு மெயிலில் தானாகப் போகும்படி ஏற்பாடும் செய்தாய். பிறகு கப்பல் ஏறிவிட்டாய். ஏறுகிறவனுக்கு என்ன கவலை, அனுபவிப்பது கரையில் இருக்கிறவன்.

இரண்டரை மாதத்துக்கு எனக்கு மூன்றே வாசகர்கள். ஒன்று நீ, அதுவும் துறைமுகம் வந்தால். இரண்டாவது உன் அக்கா, காலையில் நான் போட்டதும் முதல் ஆளாகப் படித்துவிட்டு, "படிச்சிட்டேன், நல்லாத்தான் இருக்கு" என்று எழுந்து போய்விடுவாள். மூன்றாவது நானே, மகள் ஜெரூஷாவின் பழைய போனிலிருந்து. எத்தனை பேர் படித்தார்கள் என்று காட்டுகிற அந்த எண்ணை மணிக்கு ஒரு தரம் பார்ப்பேன். மூன்று. மறுபடியும் மூன்று. ஆளில்லாத நடைமேடையில் அறிவிப்புச் செய்வது போல இருந்தது. ஒரு மனிதனை இன்னொரு மனிதன் எதற்காகப் படிக்கிறான் என்று அப்போது ரொம்ப யோசித்தேன். பைபிளை மோட்சத்துக்காகப் படிக்கிறோம், பேப்பரை யார் செத்தார்கள் என்று பார்க்கப் படிக்கிறோம். தனசிங்கை எதற்குப் படிக்க வேண்டும் என்று எனக்கே விடை தெரியவில்லை.

மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை அந்த எண் அறுபத்து நான்கு என்று காட்டியது. மறுநாள் தொண்ணூறு. என் நடையில் ஏதோ கூடிவந்துவிட்டது என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. எதிர் அபார்ட்மென்ட் செக்ரட்டரி சுகுமாரைப் பார்த்தபோது, "படிக்கிறீர்களாமே" என்று அடக்கமாகக் கேட்டேன். அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கி, "சார், தண்ணி லாரி காலைல எத்தனை மணிக்கு வருது, எத்தனை மணிக்குப் போகுதுன்னு கடைசி வரியில போடுறீங்க பாருங்க, அதுக்காகவே எங்க அபார்ட்மென்ட்ல எல்லாரும் படிக்கிறோம். முழு லோடு இறக்குனேன்னு டிரைவர் பொய் சொன்னான். அஞ்சு இருபதுக்கு வந்து அஞ்சு இருபத்தாறுக்குப் போனவன் எப்படிப்பா முழு லோடு இறக்க முடியும்னு உங்க எழுத்தக் காட்டித்தான் மடக்குனேன்" என்றார். மேலே உள்ள நாற்பது வரி? என்று கேட்டேன். "அதெல்லாம் நேரம் கிடைக்கறப்ப பாக்கணும் சார்" என்றார்.

தெருமுனையில் இஸ்திரி போடுகிற பேபியும் படிக்கிறாள் என்று கேள்விப்பட்டு அவளிடமும் போனேன். அவள் பெட்டியைக் கீழே வைக்காமலே சொன்னாள்: "எம் பொண்ணு படிச்சுக் காட்டும் சார். உன் வூட்டுக் கதைய நான் இன்னாத்துக்குக் கேக்கப் போறேன், கோச்சுக்காத. மூணாவது வூட்டம்மா என்னைய பேஜார் பண்ணிக்கினே கீது. ஒரு நாள் இல்லாங்காட்டி ஒரு நாள் நீ அத்த எழுதுவேன்னு பாத்துகினு கீறேன்." ஒருத்தருக்கு லாரி, இன்னொருத்தருக்குப் பக்கத்து வீட்டுக்காரர் மாட்டிக்கொள்கிற சந்தோஷம். எனக்காகப் படிக்கிறவர் யாருமில்லை என்று தெரிந்த பிறகாவது நான் நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை எபி. தொண்ணூறு என்கிற எண்ணைப் பார்த்த கண் மறுபடி மூன்றைப் பார்க்கச் சம்மதிக்காது.

இந்த நிலையில்தான் ஜெரூஷாவுக்கு இந்த வரன் அமைந்தது. பையன் ஜோஸ்வின் தங்கமான பையன், அவளுடைய ஆபீஸ் இருக்கிற அதே ஓ.எம்.ஆர். சாலையில் வேலை, இரண்டு பேருக்கும் மனசு ஒத்துப்போய்விட்டது. முறைப்படி நாங்கள் பள்ளிக்கரணைக்குப் போய் அவர்கள் வீட்டைப் பார்த்துவிட்டு வந்தோம். வந்ததும் வராததுமாக எழுத உட்கார்ந்தேன். அந்தப் பதிவின் சாரத்தை இங்கே தருகிறேன், நீ நடுக்கடலில் இருந்ததால் படித்திருக்க மாட்டாய்.

"காலை 10.05 புறப்பாடு. மேடவாக்கம் கூட்டு ரோட்டில் 26 நிமிடம் நிறுத்தம். 11.05 பள்ளிக்கரணை. நாய் ஒன்று உண்டு, பெயர் ரெக்ஸ், அமைதியான சுபாவம். ஹால் சுவரில் பல்லி ஒன்று. 11.20 ஜெபம் தொடக்கம், 11.42 முடிவு. 12.40 சாப்பாடு வந்தது. வஞ்சிர மீன் குழம்பு, உப்பு சற்று தூக்கல். 1.15 சம்பந்தி ஆசீர் சார் தமது பணிக்காலம் பற்றிப் பேச ஆரம்பித்தார். 2.50 நிறுத்தினார்."

என்னைத் திட்டாதே. முப்பத்து நான்கு வருஷமாக நடந்ததை நடந்தபடி எழுதிப் பழகிய கை. உப்பு தூக்கலாக இருந்தது, தூக்கல் என்று எழுதினேன். இதில் குற்றம் இருப்பதாகவே அப்போது எனக்குத் தோன்றவில்லை.

இப்போது மணி 2.10. நீ இன்னும் ஆன்லைனில் வரவில்லை.

போன வாரத்துக்கு முந்தின ஞாயிறு சபையில் ஜெரூஷாவின் கல்யாண அறிவிப்பு, முதலாம் ஓலை, வாசித்தார்கள். போன ஞாயிறு இரண்டாம் ஓலை. இந்த விவாகத்துக்கு யாருக்காவது ஆட்சேபணை உண்டானால் தெரிவிக்கலாம் என்று போதகர் வாசித்துவிட்டு ஒரு நிமிஷம் சபையைப் பார்ப்பார் அல்லவா, உன் கல்யாணத்தில் அந்த ஒரு நிமிஷம் நீ வேர்த்து வழிந்ததை நான் பார்த்துச் சிரித்திருக்கிறேன். நாளைக்கு மூன்றாம் ஓலை. இந்தத் தடவை வேர்க்கப் போவது நான்.

புதன்கிழமை சாயங்காலம் ஜெரூஷா ஆபீஸிலிருந்து வந்தாள். பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. "அப்பா, ஜோஸ்வின் அம்மா உங்க பிளாக்க படிக்கிறாங்களாம்" என்றாள். சர்ச் வாட்ஸ்அப் குழுவில் யாரோ போட்டிருக்கிறார்கள். "முதல் பதிவுலேர்ந்து உக்காந்து படிக்கிறாங்களாம்ப்பா. ராத்திரி டிபன்கூட செய்யாம படிச்சாங்கன்னு ஜோஸ்வின் சொல்றான். ஒண்ணும் பேச மாட்டேங்கறாங்களாம்." பிறகு என் முகத்தைப் பார்த்து, "அந்த உப்ப நீங்க எழுதாம இருந்திருக்கக் கூடாதாப்பா?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். மெதுவாகக் கேட்டாள்.

உடனே சரிசெய்கிறேன் பேர்வழி என்று உட்கார்ந்தேன். அங்கேதான் இன்னும் கெடுத்தேன். எங்கள் உத்தியோகத்தில் திருத்தப்பட்ட உத்தரவு ஒன்று வந்தால் பழைய உத்தரவு அந்த நிமிஷமே செத்துவிடும், அதைக் கிழித்துப் போட வேண்டிய வேலைகூட இல்லை. பிளாக்கும் அப்படித்தான் என்று நினைத்தேன். ஆகவே பழையதைத் தொடாமல் புதிதாக ஒன்று எழுதிப் போட்டேன். தலைப்பு: "திருத்தம்: பள்ளிக்கரணை மீன் குழம்பு". உள்ளே: "மேற்படி குழம்பில் உப்பு சரியான அளவில் இருந்தது. இதன்மூலம் முந்தைய குறிப்பு ரத்து செய்யப்படுகிறது." பழையது சாகவில்லை எபி. பழையதும் நிற்கிறது, புதியதும் நிற்கிறது. நீ செய்து வைத்த ஏற்பாட்டின்படி புதியது எல்லோருக்கும் மெயிலில் போய்விட்டது. ரத்து செய்கிற அளவுக்கு முந்தைய குறிப்பில் என்ன இருந்தது என்று பார்க்க ஊரே திரண்டு வந்துவிட்டது. வியாழக்கிழமை காலை அந்த எண் அறுநூற்றுப் பதினொன்று. வாழ்நாளில் எனக்குக் கிடைத்த பெரிய கூட்டம், ஒருவருக்கும் முகத்தைக் காட்ட முடியாத நாளில் கிடைத்தது. சுகுமார் மாடியிலிருந்தே, "சார், கடைசியில உப்பு கூடவா கம்மியா?" என்று கத்திக் கேட்டார்.

இரண்டையும் அழித்துவிடலாம் என்று போனால், பதற்றத்தில் எதையோ அமுக்கி பிளாக்கை விட்டே வெளியே வந்து விழுந்தேன். மறுபடி உள்ளே போக ஆறு இலக்க எண் கேட்கிறது. நீ தொடங்கியது என்பதால் அந்த எண் உன் போனுக்குத்தான் வருமாம். உன் போன் நடுக்கடலில். என் பிளாக்குக்குள் போக எனக்கே வழியில்லை, மெட்டில்டா அம்மா மட்டும் தாராளமாகப் போய் வந்துகொண்டிருக்கிறார்கள். மெட்டில்டா என்பது சம்பந்தியம்மாவின் பெயர். முப்பது வருஷம் தமிழ் டீச்சர். ஒரு வார்த்தையையும் சும்மா விட மாட்டார்கள் என்று அவர்களிடம் படித்த பையன் ஒருவனே சொன்னான்.

வியாழக்கிழமை பத்து மணிக்கு அவர்களே போன் செய்தார்கள். "சார், சனிக்கிழமை நாலு மணிக்கு நான் வர்றேன். உங்க எழுத்தப் பத்தி ஒண்ணு பேசணும்." போனிலேயே பேசலாமே என்றேன். "இல்ல, நேர்லதான் பேசணும். ஞாயித்துக்கிழமைக்கு முன்னாடி பேசிடணும்" என்றார்கள். ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால்! மூன்றாம் ஓலைக்கு முன்னால் என்று வெளிப்படையாகச் சொல்ல நாகரிகம் தடுத்திருக்கிறது. ஆசீர் சார் வரவில்லையாம், தனியாக வருகிறார்களாம். அவரைப் பற்றித் தொண்ணூற்றைந்து நிமிஷம் என்று எழுதினேனே, அவர் எங்கள் வாசலை மிதிக்க மாட்டேன் என்று சொல்லியிருப்பார்.

மணி 3.05. ஜெரூஷா மத்தியானம் சாப்பாட்டைப் பிசைந்தாள், அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள். இந்தப் பெண் சின்ன வயசிலிருந்து எதையும் வேண்டும் என்று கேட்டதில்லை, உனக்கே தெரியும். முதல் தடவையாக ஒன்றை ஆசைப்பட்டாள். அதை நான் ஒரு கரண்டி குழம்புக்காகக் கெடுத்துவிட்டேனோ என்று நினைக்கும்போது எனக்கு பயமாக இருக்கிறது. ஸ்டேஷனில் சிக்னல் வேலை செய்யாத ராத்திரியில் வண்டியை அனுப்பும்போதுகூட இவ்வளவு பயந்ததில்லை. அவர்கள் கோபமாக ஏதாவது சொன்னால் நான் காலில் விழவும் தயார், ஆனால் சாட்சியாக அந்த பிளாக் கண் முன்னால் நிற்கக்கூடாது. இல்லாத ஒன்றைப் பற்றி எவ்வளவு நேரம் சண்டை போட முடியும்?

மணி 3.40. உன்னைக் காணோம். உன் அக்கா காலையிலிருந்து வீட்டைத் துடைக்கிறாள், துடைத்ததையே மறுபடியும் துடைக்கிறாள்.

மணி 3.52. வாசலில் ஆட்டோ நிற்கிற சத்தம். எட்டு நிமிஷம் முன்னாலேயே வந்துவிட்டார்கள். தாமதமாக வருகிறவர்களைத்தான் எனக்குச் சமாளிக்கத் தெரியும். அழித்துவிடு, உடனே அழித்துவிடு. கர்த்தர் உன்னைப் புயலுக்கும் பாறைக்கும் விலக்கிக் காப்பாராக, கப்பலில் உள்ள அனைவருக்கும் என் விசாரிப்பு. பெல் அடிக்கிறது.

இப்படிக்கு,
உன் பிரியமுள்ள அத்தான்,
தனசிங்.

பின்குறிப்பு (மாலை 6.40): எபி, பெல் அடித்த பதற்றத்தில் இந்தக் கடிதத்தைப் போனில் அனுப்ப மறந்துவிட்டேன். தேவ கிருபை. மேலே எழுதியது எதையும் செய்யாதே. பிளாக்கை அழிக்காதே. அந்த ஆறு இலக்க எண்ணை மட்டும் உடனே அனுப்பு.

மெட்டில்டா அம்மா கையில் ஒரு கத்தை காகிதத்தோடு உள்ளே வந்தார்கள். நூற்றுப் பதினேழு பதிவையும் அச்செடுத்து, சிவப்பு மையால் கோடு போட்டிருந்தார்கள். நான் எழுந்து நின்றேன். "உப்பு விஷயத்துல..." என்று ஆரம்பித்தேன். "உப்பு தூக்கல்தான் சார். நானும்தானே சாப்பிட்டேன். எதுக்கு ரத்து பண்ணீங்க?" என்றார்கள். "யார் வெச்ச குழம்புன்னு எழுதினீங்களா? நாலரைக்கு எழுந்து, மார்க்கெட்டுக்குப் போய் மீன் பாத்து வாங்கி, ஒண்டி ஆளா பதினோரு பேருக்கு சமைச்சேன். சாப்பாடு வந்ததுன்னு எழுதறீங்க. அதுவா நடந்து வந்துச்சு? ரெக்ஸ் பேரு இருக்கு. பல்லி இருக்கு. எங்க வீட்டுக்காரர் பேசினது தொண்ணூத்தஞ்சு நிமிஷம்னு இருக்கு, அதுல எனக்கு சந்தோஷம், முப்பது வருஷமா சொல்றேன், நம்ப மாட்டேங்கறார், காட்டிட்டுத்தான் வந்தேன். நான் எங்க சார்? அன்னைக்கு நான் அந்த வீட்ல இருந்தேனா இல்லையா?"

ஸ்டேஷன் டைரியில் வண்டி நம்பரும் நேரமும்தான் எழுதுவோம், அந்தப் பழக்கம் என்று சொன்னேன். "இது ஸ்டேஷனா சார்?" என்றார்கள். பிறகு காகிதங்களை உன் அக்காவின் மடியில் வைத்தார்கள். "நான் ஒரு நாள் விருந்துக்குக் கோவிச்சுக்கிட்டு வந்தவ. முதல் பதிவுலேர்ந்து உங்களத் தேடிக்கிட்டே வந்தேன் சிஸ்டர். காபி வந்தது, காபி வந்ததுன்னு தொண்ணூத்தி நாலு இடத்துல சிவப்புக் கோடு போட்டிருக்கேன். ஜெயசீலின்னு உங்க பேரு எனக்கு எப்பத் தெரிஞ்சுது தெரியுமா? முதல் ஓலையில, இன்னாரோட மகள்னு போதகர் வாசிச்சப்பத்தான்." அவர்கள் சிரித்துக்கொண்டுதான் சொன்னார்கள். ஜெரூஷா சிரித்தாள். உன் அக்காவும் சிரித்தாள், சிரித்துக்கொண்டே எழுந்து உள்ளே போய்விட்டாள். நாளைக்கு ஆட்சேபணை ஒன்றுமில்லை, மூன்றாம் ஓலைக்குக் குடும்பத்தோடு வந்து முன் பெஞ்சில் உட்காருவோம் என்று சொல்லிவிட்டு ஐந்து பத்துக்குப் புறப்பட்டார்கள்.

அவர்கள் போன பிறகு ஜெயசீலியிடம் கேட்டேன், தினமும் முதல் ஆளாகப் படித்தாயே, ஒரு நாளாவது இதைச் சொல்லியிருக்கக் கூடாதா என்று. அவள் காகிதங்களை அடுக்கிக்கொண்டே, "எதுக்குப் படிச்சேன்னு நெனச்சீங்க, தண்ணி லாரி டைம் தெரிஞ்சுக்கவா? இன்னைக்காச்சும் அதுல நான் வருவேனான்னு பாத்தேன். கேட்டு வாங்கறதுல என்ன இருக்கு?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கல்யாணமாகி முப்பத்தொரு வருஷம் எபி. என் நூற்றுப் பதினேழு பதிவையும் எனக்காகப் படித்த ஒரே ஆளை நான் மூன்று பேரில் ஒருத்தி என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

நாளைய பதிவுக்கு ஒரு காகிதத்தில் ஜெயசீலி என்று எழுதிவிட்டு முக்கால் மணி நேரமாக உட்கார்ந்திருக்கிறேன். அடுத்த வரி வரவில்லை. அவளைப் பற்றி உனக்குத் தெரிந்ததை, சின்ன வயசில் அவளுக்கு எது பிடிக்கும், எதற்கு அழுவாள், என்ன பாட்டுப் பாடுவாள் என்பதையெல்லாம் அந்த எண்ணோடு சேர்த்து எழுதி அனுப்பு. சீக்கிரம் அனுப்பு. அறைக் கதவு திறந்திருக்கிறது. உன் அக்கா கட்டிலில் உட்கார்ந்து போனில் பிளாக்கைத் திறந்து பார்க்கிறாள், வைக்கிறாள், மறுபடியும் எடுத்துப் பார்க்கிறாள்.